தாலாட்டில் தொடங்கிய என் பாட்டு கம்பெனிக்குப் போய்த் திரும்பி வந்த கதை

சொந்தமாக வரி எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடி வெளியிடுகிற பிள்ளைகள் இப்போது தமிழில் நிறைய வந்துவிட்டார்கள். அவர்களில் சிலர் எனக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, ஒரு கம்பெனி என் பாட்டைக் கேக்குறாங்க, கொடுக்கலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை. என் முதல் பாட்டு ஓட ஆரம்பித்தபோது எனக்கும் இதே கேள்வி இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. அந்தப் பாட்டு ஒரு வருஷத்துக்கும் மேல் என் கையில் இல்லாமல் போனது. இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு. அதில் பெரும்பகுதி அப்பா கொள்முதல் நிலையத்தில் குறுவை நெல் போட்ட பணம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், இடையிடையே நீங்கள் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொண்டே போகிறேன்.

நான் திருவாரூர் மாவட்டத்துக்காரி. மாவட்ட அரசு இசைப்பள்ளியில் தேவாரம் படித்தேன். வீட்டில் அப்பாயிதான், அப்பாவின் அம்மாதான், முதல் வாத்தியார். நடவுக்குப் போனால் பாடும், துக்க வீட்டில் ஒப்பாரி வைக்கும், தெருவில் எந்தப் பிள்ளை அழுதாலும் போய்த் தொட்டிலை ஆட்டிக்கொண்டு தாலாட்டுப் பாடும். பிறகு 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல் தடவை மேடை ஏறியது. அந்த வீடியோவை நான் ஊரில் போனில் பார்த்தேன். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில், சென்னைப் பேச்சு அப்படியே. பாட்டு என்றால் சினிமாவில் வர வேண்டும், இல்லாவிட்டால் சபாவில் வர வேண்டும் என்று அதுவரை எண்ணியிருந்தேன். நம் வீட்டுத் திண்ணையில் பாடுவதையும் மைக் முன்னால் கொண்டுபோகலாம் என்று அன்றைக்குத் தைரியம் வந்தது.

வேலைக்காகச் சென்னை வந்த பிறகு, பெருங்குடி பக்கம் ஒரு அலுவலகத்தில் பகல் ஷிப்ட் முடித்துவிட்டு ராத்திரியில் எழுதினேன். முதல் பாட்டு ஒரு தாலாட்டு. ஊரை விட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு அவள் அம்மா போனில் பாடுகிற மாதிரி. அப்பாயி பாடும் மெட்டில் நீலாம்பரி ராகத்தின் சாயல் இருந்தது. தேவாரத்தில் மேகராகக்குறிஞ்சிப் பண்ணை நீலாம்பரியில்தான் பாடுகிறோம், சம்பந்தர் திருவையாற்றில் பாடிய ஒரு பதிகம் அந்தப் பண்ணில் வரும். பள்ளியில் படித்ததும் வீட்டில் கேட்டதும் ஒரே இடத்தில் வந்து நின்றது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை அப்படியே பாடாமல், நான் ஹெட்போனில் கேட்டு வளர்ந்த ஆர் அண்ட் பி இசையோடு சேர்க்க ஆசைப்பட்டேன்.

சேர்ப்பது என்றால் எலெக்ட்ரிக் பியானோவை அடியில் ஓடவிட்டு மேலே நாட்டுப்புற மெட்டைப் பாடுவது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டும் ஒட்டாது. எங்களுக்கு நடந்ததைச் சொன்னால் புரியும். பீட் போட்டுக் கொடுத்தது வியாசர்பாடித் தம்பி ஒருவன், என்னைவிட மூன்று வயது சின்னவன், லேப்டாப்பும் ஒரு சின்ன கீபோர்டும்தான் அவன் ஸ்டுடியோ. அவன் மேஜர் செவன்த் கார்டு, நாலு சுரம் சேர்ந்து ஒலிப்பது, பிடித்திருந்தான். அந்தக் கார்டுக்குள் காகலி நிஷாதம், அதாவது மேல் நி, இருக்கிறது. நீலாம்பரியில் சில பிடிகளில் கைசிகி நிஷாதம், அதற்கு அரைச் சுரம் கீழே இருக்கும் நி, வந்து போகும். நான் அதைத் தொடும் இடத்தில் இரண்டு நிஷாதமும் மோதிக் காது கூசியது. "அக்கா, நீங்க அந்த எடத்துல சுருதி எறங்குறீங்க" என்றான். இல்லை, கீபோர்டுதான் தவறாகப் போகிறது என்றேன் நான். அப்பாயி பாடியதைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். அதை ஓடவிட்டு, அவன் கார்டிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துப் பார்த்தான். ஏழாவது சுரத்தை எடுத்துவிட்டு ஒன்பதாவதைச் சேர்த்ததும் பாட்டு மூச்சு விட்டது. தாளத்திலும் அப்படித்தான். தாலாட்டு திஸ்ர நடை, மும்மூன்றாகப் போவது, அவன் டிரம் நாலு நாலாகப் போகிறது. ட்ராப் இசையில் ஹை-ஹாட்டை மும்மூன்றாகத் தட்டுவார்கள் இல்லையா, அதை மட்டும் வைத்துக்கொண்டு கிக்கை அங்கங்கே ஒன்று என்று குறைத்துவிட்டான். தொட்டில் அசைவு வந்துவிட்டது.

இங்கே ஒன்று. உங்கள் குரலில் கமகம், அதாவது சுரங்களுக்கு நடுவே குரலை வழுக்கி அசைப்பது, இருந்தால், மிக்ஸிங்குக்குக் கொடுக்கும் முன்பே, சுருதியை மென்பொருளே திருத்தும் பிட்ச் கரெக்‌ஷன் பற்றிப் பேசிவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் கேட்காமலேயே போட்டுவிடுவார்கள். மேஜர் ஸ்கேல் என்று அமைத்துவிட்டால் அந்த மென்பொருளுக்குக் கைசிகி நிஷாதம் ஒரு தவறான சுரம், அதைப் பக்கத்து சுரத்துக்குத் தள்ளிவிடும். கமகத்தில் குரல் வழுக்கிப் போகும் பாதையைப் படிக்கட்டாக வெட்டிவிடும். முதல் மிக்ஸில் என் குரலுக்கு அதுதான் நடந்தது. கேட்டபோது அழுகையே வந்தது, யாரோ பாடுவது போல இருந்தது. அதை முழுவதும் எடுத்துவிட்டு, அங்கங்கே கையால் சத்த அளவை மட்டும் ஏற்றி இறக்கச் சொன்னேன். சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன. கடைசி மெருகான மாஸ்டரிங்கில் நசுக்கி நசுக்கிச் சத்தம் கூட்டினால் அங்கே போய்ப் பாட்டு பெரிதாகக் கேட்காது, குரலின் ஏற்ற இறக்கம்தான் செத்துப்போகும்.

ரெக்கார்டிங், மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆனது, என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். பாட்டின் ஆரம்பத்தில் அப்பாயி முனகுவது சில நொடி வரும். அது வீட்டுக் கொல்லையில் போனில் எடுத்ததுதான், பின்னால் கோழிச் சத்தம்கூடக் கேட்கும். அதை எடுக்கவே கூடாது என்று தம்பி பிடிவாதமாக இருந்தான். அவன் சொன்னதுதான் சரி. பாட்டைத் தளங்களில் சேர்த்துக் கொடுக்கும் ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் மூலம் நானே எல்லாத் தளத்திலும் ஏற்றினேன். கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் குழந்தையைத் தூங்கவைக்கும் ரீல்ஸில் அந்த முனகலைப் போட்டார். அங்கிருந்து பிடித்துக்கொண்டது. நர்ஸாக இருப்பவர்கள், ஹாஸ்டலில் இருப்பவர்கள், சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்பவர்கள் எல்லாம் தங்கள் அம்மாவின் படத்தோடு போட ஆரம்பித்தார்கள். பெசன்ட் நகரில் ஒரு சின்ன இடத்தில் கிட்டாரோடு பாடினேன், கூட்டத்தில் இருந்தவர்கள் இரண்டாவது சரணத்தை என்னோடு சேர்ந்து பாடினார்கள். அந்த ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு இருந்த நிறைவு வேறு எதிலும் இதுவரை கிடைத்ததில்லை.

அந்த நேரத்தில்தான் சாலிகிராமத்தில் ஒரு இசைக் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். பெயர் வேண்டாம். நல்ல மரியாதையாகப் பேசினார்கள், காபி கொடுத்தார்கள், அப்பாயியைப் பற்றிக் கேட்டார்கள். "இந்தப் பாட்டுக்கு ஒரு வீடியோ வேணும்மா, ஆறு லட்சம் போட்டு நாங்க பண்றோம், நீ ஒரு பைசா போட வேணாம்" என்றார் மேலாளர். ஒப்பந்தம் 18 பக்கம், முழுக்க ஆங்கிலம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறேன் என்றேன். "ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட்தாம்மா, எல்லாரும் போடுறதுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சா பொங்கலுக்கு வீடியோ வந்துரும்" என்றார். வீட்டில் கடன் இருந்தது, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பாடும் ஆசை இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு வரும் தாளிலும் இதே வரிகள்தான் இருக்கும். முதலாவது, ஒரு பாட்டு என்பது சட்டப்படி ஒரே சொத்து கிடையாது. வரி இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, பதிவு செய்த ஆடியோ மூன்றாவதாகத் தனிச் சொத்து. ஆடியோவைப் பதிவு செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர்தான் அதன் தயாரிப்பாளர், உரிமை முதலில் அவருக்கு. ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டியது நான் என்பதால் மூன்றிலும் எனக்கு இடம் இருந்தது. அந்த ஒப்பந்தம் "பாடலும் அது சார்ந்த அனைத்தும்" என்ற ஒரே வரியில் மூன்றையும் வாங்கிக்கொண்டது. உலகம் முழுக்க, என்றென்றைக்கும். உங்களிடம் ஆடியோவை மட்டும் கேட்டால் ஆடியோவை மட்டும், இத்தனை வருஷத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவில், காலம் எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும்தான் கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அதனால்தான் கம்பெனிகள் "என்றென்றைக்கும்", "உலகம் முழுவதும்" என்பதை மறக்காமல் எழுதுகிறார்கள். அந்த இரண்டு சொற்களைத் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, செலவைக் கழித்துக்கொள்ளும் வரி. ரீகூப் என்று சொல்வார்கள். வருமானத்தில் 20 சதவீதம் எனக்கு என்று போட்டிருந்தது, ஆனால் வீடியோவுக்கு ஆன ஆறு லட்சமும் என் 20 சதவீதத்திலிருந்து கழிந்த பிறகுதான் எனக்கு முதல் ரூபாய். கணக்குப் போட்டால் பாட்டு 30 லட்சம் சம்பாதித்தால்தான் என் கடன் தீரும். அவர்களுக்கோ அந்த நேரத்தில் 24 லட்சம் கிடைத்திருக்கும். "ஒரு பைசா போட வேணாம்" என்று சொன்னதன் கணக்கு இது. செலவு கழிப்பதாக இருந்தால் மொத்த வருமானத்திலிருந்து கழிக்கச் சொல்லுங்கள், செலவுக்கு ஓர் உச்சவரம்பும் பில்லும் கேளுங்கள்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. பாட்டின் எல்லாப் பகுதியும் எனக்கு மட்டுமே சொந்தம், வேறு யாராவது உரிமை கோரினால் அந்த நஷ்டம் முழுவதும் நான் ஏற்கிறேன் என்று ஒரு உறுதிமொழி. பியானோவில் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்ன மெட்டைப் போட்டது தம்பி. ஆரம்பக் குரல் அப்பாயியுடையது. இசைகள் கலக்கும்போது ஆட்களும் கலக்கிறார்கள். நம் மாதிரிப் பாட்டில் "எல்லாம் எனக்கே" என்று யாராலும் கையெழுத்துப் போட முடியாது, அந்த வரியை அடித்துவிட்டு யார் யாருக்கு என்ன பங்கு என்று எழுத வேண்டும்.

பொங்கலுக்கு வீடியோ வந்தது. அதற்கு முன் நான் ஏற்றிய பதிவை எடுத்துவிட்டு, கம்பெனி அதே பாட்டைப் புதிய ஐஎஸ்ஆர்சி எண்ணோடு ஏற்றியது. ஐஎஸ்ஆர்சி என்பது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள 12 எழுத்து அடையாள எண். அதே எண், அதே நீளம், அதே தலைப்பு வைத்து ஏற்றியிருந்தால் பழைய கேட்புக் கணக்கு கூடவே வந்திருக்கும். எண் மாறியதால் எல்லாம் பூஜ்யத்தில் ஆரம்பித்தது, ஜனங்கள் சேமித்து வைத்திருந்த பட்டியல்களில் என் பாட்டு சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. டிஸ்ட்ரிப்யூட்டர் மாறுவதாக இருந்தால் முதலில் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புதியது வந்து உட்கார்ந்த பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும்.

விட்டதைப் பிடிக்க கம்பெனி யாரிடமோ புரமோஷன் கொடுத்தது. ஒரே ராத்திரியில் எண்ணிக்கை ஏறியது. எனக்கு முதலில் சந்தோஷம்தான். ஆனால் கலைஞர் கணக்கில் ஊர் வாரியாகப் பார்த்தபோது, தமிழே புழங்காத ஏதோ வெளிநாட்டு நகரம் ஒன்று சென்னையைவிடப் பல மடங்கு மேலே நின்றது. கேட்டவர் ஆயிரக்கணக்கில், சேமித்தவர் விரல்விட்டு எண்ணும் அளவில். அவை ஆட்கள் கேட்டவை அல்ல. கேட்டதற்கு, "அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்மா, நீ பாட்டை மட்டும் பாரு" என்றார்கள். சில வாரத்தில் செயற்கைக் கேட்பு என்று காரணம் காட்டிப் பாட்டையே தளம் இறக்கிவிட்டது. இத்தனை ஸ்ட்ரீம்ஸ் உத்தரவாதம் என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபை இப்படிப்பட்ட பாட்டுகளுக்கு லேபிளிடமும் டிஸ்ட்ரிப்யூட்டரிடமும் அபராதம் வசூலிக்கிறது, அந்தத் தொகையை அவர்கள் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். அதே வருஷத்திலிருந்து, 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ராயல்டியும் கிடையாது. அந்த ஆயிரத்தை நிஜ ஆட்களிடம் வாங்குவது முடியாத காரியம் இல்லை, ஊர்க் குழுக்களிலும் கல்லூரி நிகழ்ச்சிகளிலும் பாடினாலே வந்துவிடும்.

பிறகு யூடியூப். பெசன்ட் நகரில் நான் கிட்டாரோடு பாடிய வீடியோ என் சேனலில் இருந்தது. அதன் மேல் கம்பெனியின் கன்டென்ட் ஐடி உரிமைகோரல் விழுந்தது. உரிமையாளர் கொடுத்த பாட்டோடு ஒத்துப்போகும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் ஏற்பாடு அது. என் குரலில் நான் பாடியதற்கு விளம்பர வருமானம் அவர்களுக்குப் போனது. உங்களுக்கு நியாயமான காரணம் இருந்தால், உரிமைகோரல் வந்த ஐந்து நாளுக்குள் மறுப்புப் போடுங்கள். அப்படிப் போட்டால் முதல் நாளிலிருந்து வரும் வருமானத்தை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள். தாமதித்தால் மறுப்புப் போட்ட நாளிலிருந்துதான். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். எனக்கு இது தெரிந்தபோது ஐந்து நாள் எப்போதோ தாண்டியிருந்தது.

தம்பி என்னோடு பேசுவதை நிறுத்தினான். வீடியோவின் கீழே இசை என்ற இடத்தில் கம்பெனியின் ஆஸ்தான புரோகிராமர் பெயர் இருந்தது. "நீங்களும் அவங்க மாதிரிதானாக்கா?" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ், அவ்வளவுதான். என் வாழ்க்கையில் அதைப் போல வலித்தது குறைவு. அதன் பிறகு அப்பாயி. ஊரில் பக்கத்து வீட்டுப் பையன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது, குழந்தைகளுக்கான ஒரு பொருளின் விளம்பரம் ஓடியிருக்கிறது, அதில் அந்த முனகல். அப்பாயி எனக்குப் போன் போட்டு, "என்னாடி, நம்ம கோழி சத்தம்லாம் கேக்குது அதுல? யார்கிட்ட குடுத்த?" என்று கேட்டது. கோபமாகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு ராத்திரிதான் இதை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

தெரிந்தவர் மூலம் ஒரு வக்கீலைப் பார்த்தேன், 45,000 ரூபாய் ஆனது. அவர் முதலில் காட்டியது பதிப்புரிமைச் சட்டத்தின் 18ஆவது பிரிவு. 2012இல் வந்த திருத்தப்படி, பாட்டெழுதியவரும் மெட்டுப் போட்டவரும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், பதிவு பயன்படுத்தப்படும் இடங்களில் வாங்கியவரோடு ராயல்டியைச் சமமாகப் பங்கிட்டுப் பெறும் உரிமை அவர்களிடமே இருக்கும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. சட்டப்பூர்வ வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதை மாற்ற முடியும். விளம்பரத்துக்குக் கொடுத்ததில் எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை, கணக்கும் காட்டவில்லை. அடுத்து 57ஆவது பிரிவு: உரிமையை விற்ற பிறகும், இதை உருவாக்கியது நான் என்று சொல்லும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாது. தம்பியின் பெயரை எடுத்தது அதற்கு நேர் எதிர்.

ஆனால் நிஜமாகக் கதவைத் திறந்தது வேறு. "இந்த பியானோ மெட்டுப் போட்டவர் எங்கே கையெழுத்துப் போட்டிருக்கார்?" என்று கேட்டார் வக்கீல். எங்கேயும் இல்லை. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். தம்பி எதிலும் போடவில்லை. அப்பாயியின் குரலுக்கும் யாரும் சம்மதம் வாங்கவில்லை, பாடுபவருக்கும் சட்டத்தில் 50 வருஷ உரிமை தனியாக இருக்கிறது. வியாசர்பாடிக்குப் போய் அவன் வீட்டு வாசலில் நின்றேன். அவன் அம்மாதான் உள்ளே வரச் சொன்னார். ஒப்பந்தத்தை முழுவதும் அவனிடம் காட்டினேன், அவன் பேருக்கு ஒரு பைசாகூட நான் வாங்கவில்லை என்பதையும். நாங்கள் அனுப்பிக்கொண்ட பழைய வாட்ஸ்அப் ஆடியோக்கள், அவன் லேப்டாப்பில் தேதியோடு இருந்த புராஜெக்ட் ஃபைல், ஸ்டுடியோ ரசீது எல்லாம் ஆதாரமாயின. இவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்டெம்ஸ் என்று சொல்லும் தனித்தனி ட்ராக்குகளையும் மெமோக்களையும் ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு வையுங்கள்.

அவனும் அப்பாயியும் தனித்தனியாக நோட்டீஸ் அனுப்பியதும் கம்பெனியின் பேச்சு மாறியது. ஆனால் மேலே சொன்ன உறுதிமொழி வரியைக் காட்டி என்னிடம் நஷ்டஈடு கேட்டார்கள். கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும், அதுவரை பாட்டும் முடங்கிக் கிடக்கும். கடைசியில், வீடியோ செலவில் ஒரு பகுதி என்று நான் 1,20,000 ரூபாய் கொடுப்பது, அவர்கள் பாட்டின் எல்லா உரிமையையும் எழுத்தில் திருப்பிக் கொடுப்பது, விளம்பரத்தை நிறுத்துவது என்று முடிந்தது. நியாயமான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தை அப்பா கொடுத்தபோது ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது. வெளியே வரும்போது திருப்பி எழுதிக் கொடுக்கும் தாளில் வரி, மெட்டு, ஆடியோ மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடச் செய்யுங்கள், கன்டென்ட் ஐடியிலிருந்து பாட்டை விடுவிக்கத் தேதியும் போடச் செய்யுங்கள். எங்கள் தாளில் தேதி இருந்ததால்தான் அது உடனே நடந்தது.

பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணோடு பாட்டை மறுபடி ஏற்றினேன். முன்னைப் போல வேகமாக ஓடவில்லை. ஒரு பாட்டுக்கு என்று ஒரு நேரம் உண்டு, அது போய்விட்டது. அதற்காக இப்போதும் வருத்தம் இருக்கிறது. ஆனால் கீழே மூன்று பெயரும் இருக்கின்றன. இரண்டாவது பாட்டில் ஒப்பாரியை எடுத்திருக்கிறோம். ஒப்பாரிக்குத் தாளக்கட்டு கிடையாது, மெட்ரோனோம் போட்டுப் பாடச் சொன்னால் அப்பாயியால் பாட முடியவில்லை. அதனால் முதலில் அப்பாயியைத் தன்போக்கில் பாடவிட்டு, அந்த மூச்சுக்கு ஏற்பத் தம்பி பின்னால் சின்த் கார்டுகளை நகர்த்துகிறான், டிரம் பாதிப் பாட்டுக்கு மேல்தான் வரும். கம்பெனிக்குப் பிடிக்குமா என்று இந்தத் தடவை யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பதிவு முடிந்த அன்றைக்கே ஒரு தாள் எழுதிக்கொண்டோம், தமிழில், ஒரே பக்கம். பாட்டின் பெயர், தேதி, வரி யாருடையது, மெட்டில் யாருக்கு எத்தனை சதவீதம், ஆடியோவில் யாருக்கு எத்தனை, செலவு யார் போட்டது, விளம்பரத்துக்கோ சினிமாவுக்கோ கேட்டால் மூன்று பேரும் சம்மதித்தால்தான் கொடுப்பது. அப்பாயிக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். அப்பாயியின் பங்கு அதன் பேரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கே போகும். மெட்டு மரபாக வந்தது என்றால் அதையும் அப்படியே எழுதுகிறோம், ஊர்ச் சொத்தை என் பெயரில் போட எனக்கு மனசு வரவில்லை. நானும் தம்பியும் ஐபிஆர்எஸ்ஸில் சேர்ந்திருக்கிறோம். 1969இல் தொடங்கிய சங்கம் அது, பாட்டெழுதுபவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் வர வேண்டிய ராயல்டியை வசூலித்துக் கொடுக்கிறது. டிஸ்ட்ரிப்யூட்டர் தருவது ஆடியோவுக்கான பணம், இது வரிக்கும் மெட்டுக்கும், இரண்டும் வேறு வேறு. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யவும் பெரிய செலவில்லை: வரிக்கோ மெட்டுக்கோ 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு, தகராறு வந்தால் கையில் ஒரு சான்று இருக்கும்.

இன்னொன்று, எனக்கு மிகத் தாமதமாகத் தெரிந்தது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்க 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் வழி இருக்கிறது. குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் போன்ற இன்னும் சில பிரிவினருக்கும் அப்படித்தான், அவர்களைத் தவிர மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். வக்கீலுக்கு நான் 45,000 கட்டிய பிறகுதான் ஒரு தோழி இதைச் சொன்னாள். கம்பெனி வெள்ளிக்கிழமை வரைதான் நேரம் என்று சொன்னால், அந்த 18 பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலையிலேயே அங்கே போய்விடுங்கள். ஆதார் அட்டை, பாட்டின் வரி எழுதிய தாள், ஸ்டுடியோ ரசீது இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். கையெழுத்துப் போடும் முன் போனால்தான் அவர்களால் அதிகம் செய்ய முடியும்.